முதுகு சொன்ன பதில்

குற்றாலிங்கம் டாக்டரும் அவர் தம்பி உச்சிமாகாளியும் ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டே பேச்சை நிறுத்திக்கொண்டதோடு போன வாரம் விட்டிருந்தேன். சாரல் பிடித்து, அருவியின் இரைச்சல் அடுப்பங்கரை வரைக்கும் வந்துவிட்டது. அவர்கள் மட்டும் இன்னும் பேசவில்லை. ஊரார் வாயைத் திறக்க வைப்பதுதான் டாக்டருக்குத் தொழில். அவரே கூடப்பிறந்தவனிடம் வெந்நீர் இருக்கிறதா என்று கேட்க மனைவி வடிவம்மாளைத் தூது அனுப்புகிறார். இந்தக் கூத்தை நான் என்னவென்று எழுத.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. டாக்டர் முந்தைய யுத்தத்தில் பஸ்ராவில் பட்டாள ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். குண்டுச் சத்தத்தில் வாய் அடைத்துப்போன சிப்பாய்களை ஒரு வெள்ளைக்கார டாக்டர் பேசிப் பேசியே குணமாக்கியதைக் கண்ணால் பார்த்தவர். ஊருக்கு வந்து, குற்றாலத்தில் தகப்பனார் விட்டுப்போன வீட்டின் முன்னறையில் ஒரு பிரம்பு நாற்காலியைப் போட்டுப் பேச்சு வைத்தியம் ஆரம்பித்தார். பின்கட்டில் எண்ணெய்க் கொட்டகை. அது தகப்பனார் கையிலிருந்து தம்பி கைக்கு வந்தது. முன்னால் பேச்சு, பின்னால் எண்ணெய், நடுவில் வடிவம்மாளின் சமையல் என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அதில் வந்து சிக்கியவன் மசூது.

தென்காசி ஜவுளிக்காரக் குடும்பம். அண்ணன் பரீது உள்ளூர்க் கடையைப் பார்க்க, மசூதும் கடைசித் தம்பி யாக்கூப்பும் ரங்கூனில் கடை வைத்திருந்தார்கள். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் இரண்டு பேரும் எல்லாரையும்போல நடந்தே கிளம்பினார்கள். போன வருஷம் மசூது மட்டும் வந்து சேர்ந்தான். வந்த நாள் முதல் ஒரு வார்த்தை பேசவில்லை. வலது கை மடங்கியது மடங்கியபடி இருந்தது. சோறுகூட மனைவி ரஹ்மத்துதான் ஊட்டிவிட வேண்டும். வைத்தியத்துக்காக இரண்டு பேரும் டாக்டர் வீட்டிலேயே வந்து தங்கியிருந்தார்கள்.

யாக்கூப்புக்கு என்ன ஆயிற்று என்று கேட்காதவர்கள் இல்லை. கேட்டால் மசூதின் கண் எங்கேயோ போய்விடும்.

அன்று காலையில் தென்காசியிலிருந்து வாழையிலை வாங்கி வந்த ஆள் பரீது சொல்லி அனுப்பியதாக ஒரு சேதி கொண்டுவந்தான். சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. மசூதைப் பட்டணத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதாக முடிவு. வில்வண்டி மத்தியானத்துக்கு மேல் வரும்.

ரஹ்மத்து அழவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வடிவம்மாளின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, அங்கன கொண்டுபோயிட்டா அவுகளை நான் எப்படிப் பாக்க? வாரத்துக்கு ஒரு நாள் பாக்க விடுவாங்களா? எனக்கு ரயிலேறத் தெரியாது."

"உன் மச்சான் பரீது என்ன சொல்லுதாரு?"

"அவரு மேலயும் குத்தமில்ல. போன மாசம் இவுக குளத்துக்குள்ள இறங்கி நின்னுட்டாவ. கழுத்தளவு தண்ணி. மாமியா அன்னையிலயிருந்து தூங்கலே."

வடிவம்மாள் அரைத்துக்கொண்டிருந்த தேங்காயை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் கை கழுவ மாட்டாள். அரைத்த கையோடு முன்னறைக்குப் போனாள்.

"இன்னைக்கு ஒரு நாள்தான் இருக்கு. நீங்க இங்கன பேசுங்க, அவரு அங்கன தடவட்டும்னா நடக்காது. ரெண்டு பேரும் ஒரே இடத்துல நில்லுங்க."

"அவன் எண்ணெய் போட்டு அனுப்புதான். ஆளு மரக்கட்டை மாதிரி வந்து இந்த நாற்காலியில உக்காருதான். நான் யார்கிட்டப் பேச?" என்றார் டாக்டர்.

இதையே வடிவம்மாள் பின்கட்டில் போய்ச் சொன்னாள்.

"பேசிப் பேசி இறுக்கி அனுப்புதாரு, மதினி. நான் எங்கன இளக்க?" என்றார் உச்சிமாகாளி. "அண்ணாச்சிகிட்ட விசாரணைக்குப் போயிட்டு வந்தா அவனுக்குத் தோள் காதுக்கு ஏறிருது."

சண்டையே இதுதான். நோயாளியை நீ கெடுத்தாய், நான் திருத்துகிறேன் என்று இரண்டு பேருமே மனசாரச் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதும் பாதி நிஜம். அதனால்தான் சண்டை தீரவில்லை.

அன்றைக்கென்று உச்சிமாகாளிக்குக் கூடமாட இருக்கும் மாடன் அம்பைக்குக் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தான். மசூதின் தோளை நீவி இளக்க வேண்டுமென்றால் ஒருத்தர் அவன் கையைத் தாங்கிப் பிடித்தாக வேண்டும். அதைச் சாக்காக வைத்து வடிவம்மாள் புருஷனை எண்ணெய்க் கொட்டகைக்குள் தள்ளிவிட்டாள். டாக்டர் வெள்ளைச் சட்டையோடு போய் நின்றார். தம்பி ஒரு துண்டை எடுத்து அவர் பக்கம் போட்டார். டாக்டர் சட்டையைக் கழற்றினார்.

மசூது பலகையில் குப்புறப் படுத்திருந்தான். ரஹ்மத்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உச்சிமாகாளி எண்ணெயை விட்டு, இடுப்பிலிருந்து மேலே ஏற்றிக்கொண்டு வந்தார். டாக்டர் தரையில் உட்கார்ந்து பலகைக்கு வெளியே தொங்கிய அந்த மடங்கின கையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். சும்மா இருக்க அவருக்கு வராது. பழக்க தோஷம், பேச ஆரம்பித்தார். கேள்வி கேட்கிற பேச்சுகூட இல்லை, வெறும் பேச்சுத்தான்.

"மழை இந்த வருஷம் முன்னாடியே பிடிச்சுட்டு மசூது. ரங்கூன்லயும் மழை ஜாஸ்திம்பாங்க. நீங்க நடந்து வந்தது மழைக்கு முந்தித்தானே. ஆத்துலயெல்லாம் தண்ணி கொறச்சலாத்தான் இருந்திருக்கும்."

உச்சிமாகாளியின் கை நின்றது.

வாரக் கணக்காக அண்ணன் முகத்தைப் பார்க்காதவர் இப்போது நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப என்ன சொன்னிய?"

"மழையப் பத்திச் சொன்னேன்."

"கடைசியில என்ன சொன்னிய?"

"ஆத்துல தண்ணி கொறச்சலா இருந்திருக்கும்னு சொன்னேன்."

"இந்தா, இதுதான்." உச்சிமாகாளி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தோள்பட்டைக்குக் கீழ ஒரு தசை கல்லு மாதிரி எந்திரிச்சுது. நான் அமுக்கினதுக்கு இல்ல, நீங்க சொன்னதுக்கு. மறுபடி பேசுங்க. வேற எதாச்சும் சொல்லுங்க."

 பஸ்ராவிலும் டாக்டர் இதைப் பார்த்ததில்லை. அங்கே நாற்காலிக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒரு மேஜை இருந்தது.

"ரங்கூன் கடை," என்றார் மெதுவாக.

உச்சிமாகாளி தலையை ஆட்டினார். ஒன்றுமில்லை.

"விமானம். குண்டு."

கொஞ்சம் அசைந்தது, உடனே இளகிவிட்டது என்று தம்பி கையால் காட்டினார்.

"மலை. காடு. ஜுரம்."

ஜுரம் என்றபோது மசூதின் மூச்சு ஒரு கணம் நின்று பிறகு ஓடியது. அது வாசலில் நின்ற ரஹ்மத்துக்கே தெரிந்தது.

"ஆறு," என்றார் டாக்டர்.

முதுகு பூராவும் பலகைபோல் இறுகியது. இப்போது உச்சிமாகாளி சொல்ல வேண்டியிருக்கவில்லை. எண்ணெய் பூசிய தோலுக்கடியில் ஒவ்வொரு நரம்பும் புடைத்து எழுந்ததை மூன்று பேரும் பார்த்தார்கள். ஒரு வருஷமாக வாய் பேசாத மனிதனின் முதுகு கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. டாக்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயிலில் நிற்கிற மாதிரி இருந்தது என்று பிறகு மனைவியிடம் சொன்னார். தப்பாக மூச்சு விட்டாலும் கலைந்துவிடும் என்ற பயம் வந்ததாம்.

"முதுகு பேசுது அண்ணாச்சி," என்றார் உச்சிமாகாளி. "நாப்பது வயசு வரைக்கும் எத்தனை முதுகைத் தொட்டிருக்கேன். கேக்கணும்னு தோணலே."

"எனக்குத் தொடணும்னு தோணலே," என்றார் டாக்டர்.

வாரக் கணக்கில் நடந்த சண்டை இவ்வளவில் முடிந்தது. வடிவம்மாள் பக்கத்தில் இல்லாமல் போனதுதான் குறை.

உச்சிமாகாளி விரல்களுக்கு வந்தார். அந்த வீட்டில் தடவி முடித்ததும் பத்து விரலிலும் சொடக்கு எடுத்துத்தான் ஆளை எழுப்புவார்கள். எடுக்காவிட்டால் இறங்கின வலி மறுபடி ஏறிவிடும் என்பது தகப்பனார் சொல்லி வைத்தது. மடங்கின கையிலும் அவர் விடுவதில்லை. சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து, இழுத்து, சொடக்கு எடுக்கப் பார்ப்பார். மசூதின் கண் சொருகிப்போவதும் தினம் அப்போதுதான். வலியில் சொருகுகிறது என்று நினைத்திருந்தார்.

அவர் சுண்டுவிரலைத் தொட்டார். அது இரண்டு கையாலும் அந்தக் கையை ஏந்தியிருந்த டாக்டரின் மணிக்கட்டை வளைத்துப் பிடித்தது. பின்னாலேயே மற்ற விரல்கள். இரும்புப் பிடி.

"விடு மசூது, வலிக்குது," என்றார் டாக்டர்.

மசூது எழுந்தான். இடுப்பில் ஒரு துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய். பிடித்த கையை விடாமல் நடந்தான்.

"பிடிக்கட்டா?" என்றார் உச்சிமாகாளி.

"வேண்டாம். போகட்டும். நீ கூட வா. முதுகுலயிருந்து கையை எடுக்காத."

அப்படியே போனார்கள். முன்னால் மசூது, அவன் பிடியில் சட்டையில்லாத டாக்டர், பின்னால் முதுகில் உள்ளங்கையை வைத்தபடி உச்சிமாகாளி, அதற்கும் பின்னால் சாரலில் நனைந்துகொண்டு ரஹ்மத்து. சீசன் கூட்டம் வழிவிட்டு நின்று பார்த்தது. குற்றாலத்தில் எண்ணெய் வழிய யாரும் நடக்கலாம், அது அதிசயமில்லை. டாக்டரைச் சட்டையில்லாமல் பார்த்ததுதான் கடைக்காரர்களுக்கு அதிசயம்.

மசூது அருவி இரைச்சல் வந்த திக்கிலேயே போனான். பேரருவியில் அன்று தண்ணீர் கறுத்து விழுந்தது. மேலே பாறையில் அடித்துத் திரும்புகிற இடம் கண்ணுக்கே தெரியவில்லை, புகையாக இருந்தது. ஆண்கள் குளிக்கிற இடத்துக்குச் சற்று முன்னால், காலில் தண்ணீர் படுகிற ஈரப்பாறையில் அவன் நின்றான். டாக்டரின் கையைத் தன் மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டான்.

அவன் உதடு அசைந்தது.

டாக்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். உதடு அசைந்தது, தொண்டை ஏறி இறங்கியது, கண்ணிலிருந்து வந்தது தண்ணீரா சாரலா தெரியவில்லை. ஒரு வருஷமாக எந்தக் குரலுக்காக எல்லாரும் காத்திருந்தார்களோ அது வந்துவிட்டது. ஆனால் ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. அத்தனையையும் அருவி வாங்கிக்கொண்டது.

"பேசுதான் அண்ணாச்சி!" உச்சிமாகாளி அண்ணன் காதோரம் வந்து கத்தினார். "முதுகு அதிருது. குரல் வருது. அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயிருவோம், கேக்கட்டும்."

டாக்டர் வேண்டாமென்று தலையசைத்தார். "இது நமக்குச் சொல்லுத பேச்சு இல்லலே. முதல்ல வெளிய வரட்டும்."

தன் தொழிலில் அவர் செய்த ஆகப்பெரிய காரியம், காது கேட்காமல் நின்ற அந்த நேரம்தான் என்று நான் சொல்வேன். கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை அவரைத் தின்றது. இருந்தாலும் அசையாமல் நின்றார். மசூது சொல்லி முடித்து, மறுபடி முதலிலிருந்து சொன்னான். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. இவ்வளவு பெரிய மலை, இவ்வளவு தண்ணீர், அதன் எதிரில் நின்று ஒரு மனிதன் தன் பாரத்தை இறக்குகிறான். ரஹ்மத்து இரண்டு கையையும் ஏந்தியபடி நின்றாள். துஆ கேட்டாளா, சாரலைத்தான் ஏந்தினாளா என்று அவளுக்கே தெரியாது.

அப்புறம் அவன் திரும்பி மனைவியைப் பார்த்தான். நிஜமாகவே பார்த்தான். கோயில் மதிலோரம், இரைச்சல் கொஞ்சம் அடங்கின இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். டாக்டரின் மணிக்கட்டு இன்னும் அவன் பிடியில்தான் இருந்தது.

பரீதின் வில்வண்டி வீட்டுக்குப் போய், ஆளைக் காணாமல், வடிவம்மாள் சொன்ன வழியில் இங்கே வந்து சேர்ந்தது அப்போதுதான். பரீது இறங்கினார். மழைக்கோட்டு, கையில் மசூதின் மாற்றுத்துணி மூட்டை. எண்ணெயும் ஈரமுமாக உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்து அவருக்குக் கோபம் வந்தது.

"டாக்டரே, என்ன இது? ரயிலுக்கு நேரமாவுது."

"காக்கா," என்று அண்ணனைக் கூப்பிட்டான் மசூது.

கரகரத்த குரல். பரீது மூட்டையைக் கீழே போட்டுவிட்டார்.

"யாக்கூப்பை நான்தான் விட்டுட்டு வந்தேன்." ஒவ்வொரு சொல்லாக வந்தது. "ஆத்தங்கரையில அவனுக்கு ஜுரம். நடக்க முடியலே. என் கையைப் பிடிச்சுக்கிட்டான். மலைக்காரப் பொம்பள ஒருத்தி குடிசைக்குள்ள படுக்க வச்சா. படகுல ஒரு ஆளுக்குத்தான் இடம். அக்கரைக்குப் போயி டோலி கொண்டாரேன்னேன். அவன் விடலே. விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சேன் காக்கா. சுண்டுவிரல்லருந்து. பிரிச்சிட்டுப் படகுல ஏறினேன். அக்கரைக்குப் போனதும் பட்டாளத்துக்காரன் படகை எரிச்சிட்டான். திரும்பிப் போக விடலே."

உச்சிமாகாளி மசூதின் முதுகிலிருந்து கையை எடுத்துவிட்டார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக. தினமும்.

"நானும் அதைத்தானே பண்ணிக்கிட்டிருந்திருக்கேன்," என்றார்.

"நான் மட்டும் என்ன. கண்ணை மூடிட்டு வழியெல்லாம் ஞாபகப்படுத்திப் பாருன்னு தினம் அவனை அந்த ஆத்தங்கரைக்கே அனுப்பி வச்சேன்," என்றார் டாக்டர். "துணைக்கு ஆளில்லாம."

அதைச் சொல்லும்போதுதான் தன் கை லேசாக இருப்பதைக் கவனித்தார். மசூதின் விரல்கள் விரிந்து, உள்ளங்கை மேலே பார்க்க, மடியில் கிடந்தன. யாரும் பிரிக்கவில்லை. மழைத்துளி ஒன்றிரண்டு அதில் விழுந்தது. ரஹ்மத்து ஒரு விரலால் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் கையைக் குழந்தை மாதிரி அதற்குள் வைத்தாள்.

பரீதின் முகம் மட்டும் வேறாக இருந்தது.

"அப்போ அவன் மவுத்தாகலையா?" என்றார்.

"நான் வரும்போது உசிரோட இருந்தான்."

பரீது அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். மழைக்கோட்டோடு. "யா அல்லாஹ். செத்தவனுக்குன்னு கத்தம் ஓதிட்டோமே. கூட வந்தவன் ஒருத்தன் யாக்கூப்பு செத்தான்னு சொன்னதை நம்பி ஜமாத்துல எழுதி வச்சுட்டோம். அவன் பொஞ்சாதி ஹாஜராவுக்கு வேற மாப்பிள்ள பாத்தாச்சு. வெள்ளிக்கிழமை நிக்காஹ். கடையநல்லூர்ல பந்தல் போட்டிருக்கான், அவ வாப்பா."

ரஹ்மத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. யாக்கூப்போடு வாழ்ந்தது ஒரு மழைக்காலம்.

பரீது எழுந்து வண்டிக்காரனிடம் போனார். "ஸ்டேஷனுக்கு வேண்டாம். கடையநல்லூருக்கு விடு. ராத்திரிக்குள்ள போயிரலாம்."

"நானும் வாரேன்," என்றான் மசூது.

எழுந்தவனுக்குக் கால் தள்ளாடியது. உச்சிமாகாளி தோளைத் தாங்கினார். "அண்ணாச்சி, இந்த உடம்பை வச்சிக்கிட்டு ராத்திரியில வண்டியிலயா? படுத்துரும்."

"போகலேன்னா மனசு படுத்துரும்," என்றார் டாக்டர். சொல்லிவிட்டுத் தம்பி முகத்தைப் பார்த்தார். "நீ சொல்லு. நீ வேண்டாம்னா வேண்டாம்."

உச்சிமாகாளி மசூதின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"போகச் சொல்லுது," என்றார்.

வண்டியில் வைக்கோலைப் பரப்பி மசூதை ஏற்றினார்கள். ரஹ்மத்து பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வண்டிக்காரன் மாட்டைத் தட்டுவதற்குள் அவள் புருஷனிடம் கேட்டாள்.

"ஹாஜராகிட்டப் போயி என்னன்னு சொல்லுவிய?"

மசூது வைக்கோலில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"உசிரோட விட்டுட்டு வந்தேன்னு சொல்லுவேன். இப்ப இருக்கானான்னு எனக்குத் தெரியாதுன்னும் சொல்லுவேன். ரெண்டையும் சொல்லணும்."

வண்டி கடையநல்லூர்ச் சாலையைப் பார்த்துத் திரும்பியது.